ஓடைக்கரைத் தோட்டத் தீர்மானம்

ஈல்ஸ்பாக் நகராட்சி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது கனகவல்லியின் ஜெர்மன், ரொட்டிக் கடைக்கும் தபால் நிலையத்துக்கும்தான் போதுமானதாக இருந்தது. 1969ஆம் ஆண்டு. கார்ல்ஸ்ரூஹேயிலிருந்து ரயிலில் இருபத்தைந்து நிமிடம் போனால் வரும் சின்ன ஊர் ஈல்ஸ்பாக். அரை நாள் வேலைக்குத் தட்டச்சர் தேவை என்று ரயில் நிலையச் சுவரில் விளம்பரம் ஒட்டியிருந்தார்கள். தலைமை எழுத்தர் கெஸ்லர் ஒரு பக்கத்தைக் கொடுத்து நகலெடுக்கச் சொன்னார். சாக்கடைக் குழாய் பதிக்கும் ஒப்பந்தம் அது என்று பிற்பாடுதான் அவளுக்குத் தெரிந்தது. அந்தத் தட்டச்சு இயந்திரத்தில் ஒய், இசட் எழுத்துகள் இடம் மாறிக் கிடந்ததை முதல் வரியிலேயே கவனித்துவிட்டாள். ஒரு வார்த்தைகூடப் புரியாமல், ஒரு பிழையும் விடாமல் அடித்து முடித்தாள். கெஸ்லர் இரண்டு முறை சரிபார்த்துவிட்டு, திங்கட்கிழமை எட்டு மணிக்கு வரச் சொன்னார்.

கல்யாணத்துக்கு முன்னால் வேலூர் நகராட்சியில் நான்கு வருஷம் தட்டச்சராக இருந்தவள் அவள். கணவன் ரகுநாதன் கார்ல்ஸ்ரூஹே பல்கலைக்கழகத்தில் பௌதிக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். அவன் 1964இல் வந்தான், அவள் இரண்டு வருஷம் கழித்து. நகரத்தில் வீடு கிடைக்காமல் ஈல்ஸ்பாக்கில் ஒரு தையற்காரரின் மாடியில் குடியிருந்தார்கள். இங்கே குடும்பப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள் என்பதால், அலுவலகத்தில் அவள் பெயர் ‘ஃப்ராவ் ரகுநாதன்’, அதாவது திருமதி ரகுநாதன், ஆகிவிட்டது. முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

மொழி மெதுவாக வந்தது. நகராட்சி வேலை அப்படியில்லை. எந்த ஊரானாலும் நகராட்சி நகராட்சிதான் என்று அவளுக்கு ஒரு வருஷத்தில் புரிந்தது. வேலூரில் பொருள் எண் நான்கு, பொருள் எண் ஐந்து என்று தெருவிளக்கும் குடிநீர்க் குழாயும் வரிசையில் வரும். இங்கேயும் அதே வரிசைதான். குழாய்க்குப் பதில் பனி வாரும் வண்டி. ‘ஒருமனதாக நிறைவேறியது’, ‘அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது’ என்ற இரண்டு வாக்கியங்களை அவள் ஜெர்மனில் கண்ணை மூடிக்கொண்டே அடிப்பாள்.

1973 கடைசியில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டக்கூடாது என்றார்கள். நெடுஞ்சாலையில் பிள்ளைகள் சக்கரம் வைத்த சறுக்குச் சப்பாத்து கட்டிக்கொண்டு ஓடினார்கள். அது நாலு வாரக் கூத்து. அதற்குப் பின்னால் வந்ததுதான் நிஜமான கஷ்டம். ஊரின் பெரிய இயந்திரத் தொழிற்சாலையில் வாரத்துக்கு மூன்று நாள் வேலை என்று அறிவித்தார்கள். பகல் பதினொரு மணிக்கு ஆண்கள் சந்தைத் திடலில் கையைக் கோட்டுப் பையில் விட்டபடி நிற்பதை அவள் அலுவலக ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

1975 தொடக்கத்தில் சுற்றியிருந்த மூன்று கிராமங்களை ஈல்ஸ்பாக்கோடு சேர்த்தார்கள். இனி கிராமத்துக்காரர்களும் நகராட்சிக்குக் காரில் வருவார்கள், வண்டி நிறுத்த இடம் வேண்டும். ஊருக்குப் பின்னால் ஓடைக்கரையில் இருந்த நாற்பத்திரண்டு காய்கறித் தோட்டங்களை எடுத்துவிட்டுத் தார் போடலாம் என்று மேயர் பாவ்மன் திட்டம் வைத்தார். தோட்டக்காரர்கள் சங்கத்தின் சார்பில், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மொய்ரர் மூன்று முறை அலுவலகத்துக்கு வந்தார். அந்த நிலத்தை 1931இல் நகர்மன்றமே தீர்மானம் போட்டுக் கொடுத்தது, அதை அப்படி எடுக்க முடியாது, என் அப்பா சொல்லியிருக்கிறார் என்பது அவர் வாதம். அப்படி எந்த ஆவணமும் எங்கள் கோப்பில் இல்லை என்று மார்ச் மாதத்தில் அவருக்குப் பதில் போயிற்று. கடிதத்தை அடித்தவள் கனகவல்லி. அலுவலக வழக்கப்படி அடியில் அவள் பெயரின் முதல் எழுத்தும் இருந்தது.

கிராமங்கள் சேர்ந்ததில் இன்னொரு வேலையும் வந்தது. பழைய புத்தகங்களையெல்லாம் பட்டியல் போட்டு மாவட்டத்துக்கு அனுப்ப வேண்டும். மாடி அறையில் மூன்று அலமாரிகள். ஆண்டு, பக்க எண்ணிக்கை, நிலைமை, இவ்வளவுதான் எழுத வேண்டும். 1929 முதல் 1933 வரையிலான ஐந்து தீர்மானப் புத்தகங்களைக் காட்டி, “இவை பழைய கையெழுத்து. ஆண்டை மட்டும் எழுதினால் போதும்” என்றார் கெஸ்லர்.

திறந்து பார்த்தாள். பக்கம் முழுக்க ரம்பப் பற்களை வரிசையாக அடுக்கியது போல இருந்தது. பள்ளியில் முன்காலத்தில் சொல்லிக்கொடுத்த எழுத்து அது. ஐம்பது வயது தாண்டியவர்களுக்குத் தெரியும். ஆனால் இதை எழுதியவரின் கை அவசரக்கை. அலுவலகத்தின் இளம் எழுத்தர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

கனகவல்லிக்கு அதை மூடி வைக்க மனம் வரவில்லை. உள்ளே இருப்பது என்ன வகை வாக்கியம் என்று அவளுக்குத்தான் தெரியுமே. கூட்டத்தின் தேதியிலிருந்து ஆரம்பித்தாள். எண்கள் மாறவில்லை, மாதப் பெயர்கள் பன்னிரண்டுதான். ஜனவரி, பிப்ரவரி என்று எட்டு ஒன்பது எழுத்துகள் கிடைத்தன. வருகைப் பட்டியலில் இருந்த பெயர்களில் பாதி இன்னமும் ஊர்க் கடைகளின் பலகையில் இருந்தன. ரொட்டிக் கடையையும் பூட்டுக்கடையையும் பார்த்து இன்னும் சில எழுத்துகளைப் பிடித்தாள். ஒவ்வொரு பொருளின் முடிவிலும் திரும்பத் திரும்ப வந்த சொல் ‘ஒருமனதாக’ என்று கண்டுகொண்ட அன்று, மாடி அறையில் தனியாக உட்கார்ந்து கையைத் தட்டிக்கொண்டாள். ‘e’ என்ற எழுத்து ‘n’ போல இருக்கும், ‘u’வுக்கு மேலே ஒரு சின்ன வளைவு இருக்கும் என்று நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்தாள். மதிய உணவு இடைவேளைகளில் நாலு வாரம் ஆயிற்று. பிறகு அந்தப் பக்கங்கள் பேச ஆரம்பித்தன.

அது பெருமந்தக் காலம். தொழிற்சாலை மூடியிருந்தது. நகர்மன்றப் பன்னிரண்டு பேரும் வாராவாரம் கூடியிருக்கிறார்கள். வீட்டில் நிலக்கரி இல்லாதவர்கள் பகலில் வந்து உட்காரப் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தைச் சூடாக்கித் திறந்து வைப்பது. நகராட்சிக் காட்டில் புதன்கிழமை தோறும் விழுந்த சுள்ளிகளைப் பொறுக்கிக்கொள்ள அனுமதி; கோடாலி கொண்டு வரக்கூடாது. பொதுக் குளியலறை சனிக்கிழமை மட்டும் திறக்கும். சாலை வேலையை ஒருவருக்கே கொடுக்காமல் ஆளுக்கு மூன்று நாள் என்று சுழற்சியில் கொடுப்பது. சப்பாத்து இல்லாததால் பள்ளிக்கு வராத பிள்ளைகளின் பட்டியலை ஆசிரியரிடம் கேட்பது. கிறிஸ்துமஸுக்கு ஊர் வாத்தியக் குழு வாசிக்கலாமா, அது வேலையில்லாதவர்களைப் புண்படுத்துமா என்று ஒரு மணி நேரம் விவாதித்து, வாசிக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

இவற்றில் பாதியைக் கொண்டு வந்தது ஒரே பெயர். லீனா ஃபோக்ட். மன்றத்தின் ஒரே பெண் உறுப்பினர், சலவைத் தொழிலாளி, சமூக ஜனநாயகக் கட்சிக்காரி. அவள் தீர்மானங்கள் முதலில் தோற்கும், அடுத்த மாதம் வார்த்தை மாற்றித் திரும்ப வரும், மூன்றாம் முறை நிறைவேறும். கனகவல்லிக்கு இதைப் படிக்கப் படிக்க, அடுத்த கூட்டத்தில் இவள் என்ன கேட்பாள் என்று ஆவலாகிவிட்டது.

1931 ஜூன் 19, பொருள் எண் ஏழு. ஓடைக்கும் பழைய மதிலுக்கும் இடையிலான நகராட்சி நிலத்தை வேலையில்லாத குடும்பங்களுக்குத் தோட்டம் போடப் பிரித்துக் கொடுப்பது. அந்த நிலம் ஊருக்கு வேறு எதற்காவது தேவைப்பட்டால், அதே அளவு நல்ல நிலத்தை வேறிடத்தில் கொடுத்த பிறகே எடுத்துக்கொள்வது. முன்மொழிந்தவர் லீனா ஃபோக்ட். ஆதரவு பதினொன்று, எதிர்ப்பு ஒன்று.

மொய்ரருக்குப் போன கடிதம் நினைவுக்கு வந்தது. அவளுக்கு அன்று சாப்பிடப் பிடிக்கவில்லை.

தீர்மானத்தை இன்றைய எழுத்தில் தட்டச்சு செய்து, பக்க எண் போட்டு, கெஸ்லரிடம் கொடுத்தாள். அவர் நெடுநேரம் தாளைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார். எப்படிப் படிக்க வந்தது என்று கேட்டார். சொன்னாள். தலையசைத்துவிட்டுத் தாளை மேசை இழுப்பறையில் வைத்தார். ஒரு வாரம் ஆயிற்று, இரண்டு வாரம் ஆயிற்று. ஓடைக்கரையில் அளவெடுக்க ஆட்கள் வந்து சிவப்புக் குச்சிகளை நட்டுவிட்டுப் போனார்கள்.

வீட்டில் ரகுநாதனிடம் சொன்னபோது அவன் கவலைப்பட்டான்.

“நீ அங்க ஒரு எம்ப்ளாயி, அதுவும் வெளிநாட்டுக்காரி. மேயரோட பிளானுக்கு எதிரா பேப்பர் எடுத்துக் குடுத்தா, நாளைக்கு ரெசிடென்ஸ் பர்மிட் ரினியூ பண்றப்போ யாராவது முகத்தைத் திருப்பிக்குவாங்க. எனக்கே கான்ட்ராக்ட் செப்டம்பர் வரைக்கும்தான்.”

“நானா ஒண்ணும் தோண்டலைங்க. அவங்கதான் லிஸ்ட் போடச் சொன்னாங்க.”

“லிஸ்ட்தானே போடச் சொன்னாங்க? படிக்கச் சொல்லலையே.”

 அவன் சொன்னதில் தப்பு இல்லை. அந்த வருஷம் பல்கலைக்கழகத்தில் இரண்டு பேருக்கு ஒப்பந்தம் நீட்டிக்கப்படாமல் போயிருந்தது.

சனிக்கிழமை இருவரும் காற்று வாங்க ஓடைப் பக்கம் நடந்தார்கள். மொய்ரர் தன் தோட்டத்தில் அவரைக் கொடிக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார். அலுவலகத்தில் பார்த்த முகம் என்பதால் உள்ளே கூப்பிட்டார். பக்கத்துத் தோட்டத்தில், இயந்திரத் தொழிற்சாலையில் மூன்று நாள் வேலைக்குப் போகும் ஒருவர் மண் கிளறிக்கொண்டிருந்தார். மற்ற நாலு நாளும் வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும், இந்த மண்தான் என்னைக் காப்பாற்றுகிறது என்று அவர் ரகுநாதனிடம் சொன்னார். மொய்ரர் ஒரு கூடை கீரையைக் கனகவல்லியிடம் நீட்டினார். அவருக்கு எந்தக் கோபமும் இல்லை. கடிதம் அடித்தவள் இவள்தான் என்று அவருக்குத் தெரிந்திருக்குமா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. கூடையை வாங்கியபோது அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

திரும்பும் வழியில் பாலத்துக்கு வந்ததும் ரகுநாதன் நின்றான். “போய்ச் சொல்லிடு. கான்ட்ராக்ட் கதையை அப்புறம் பாத்துக்கலாம்” என்றான்.

திங்கட்கிழமை காலை அவள் கெஸ்லரின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். மொய்ரருக்குப் போன கடிதம் தப்பு, அதைத் திருத்தி இன்னொன்று அடிக்க அனுமதி வேண்டும் என்றாள். கெஸ்லர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“ஃப்ராவ் ரகுநாதன், அந்தப் புத்தகம் என் அப்பாவின் கையெழுத்து. முப்பது வருஷம் இந்த மன்றத்தின் எழுத்தர் அவர். எனக்கு அதைப் படிக்கத் தெரியும். எப்போதும் தெரியும்.”

 அவர் மெதுவாக மீதியையும் சொன்னார். 1931ஆம் வருஷப் புத்தகத்தைப் பற்றி அவருக்கு வெட்கமில்லை. ஆனால் அதைத் திறந்தால் ஊரில் யாராவது பின்னால் வந்த இன்னொரு புத்தகத்தையும் கேட்பார்கள். 1933. சர்வாதிகாரம் வந்த வருஷம்; அதையும் எழுதியது அதே கைதான். அதனால்தான் அந்த அலமாரிப் பக்கமே அவர் போனதில்லை. மொய்ரருக்குக் கடிதம் போனபோது, தீர்மானம் அங்கே இருந்தது அவருக்கு உறுதியாகத் தெரியாது. தேடிப் பார்க்காமல் ‘இல்லை’ என்று எழுதச் சொன்னது அவர்தான்.

“அந்தப் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தேவைப்பட்டால் சேர்ந்தே படிக்கலாம். இன்றைக்கு ஓடைக்கரையில் குச்சி நட்டிருக்கிறார்கள், ஹெர் கெஸ்லர்” என்றாள் கனகவல்லி.

அவர் இழுப்பறையைத் திறந்து தாளை எடுத்துக்கொண்டு, கோட்டைக்கூடப் போடாமல் மேயரின் அறைக்குப் போனார்.

மேயர் பாவ்மன் முதலில் எரிச்சல்பட்டார். நாற்பத்து நாலு வருஷத்துக்கு முந்தைய காகிதம் இன்றைக்கு யாரைக் கட்டுப்படுத்தும் என்று வழக்கறிஞரைக் கேட்டார். அவசியம் கட்டுப்படுத்தாது, ஆனால் மறைக்கக் கூடாது என்று வழக்கறிஞர் சொன்னார். மேயர் நேர்மையான ஆள். விஷயத்தை அடுத்த பொதுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்த்தார்.

ஜூன் மாதம், மாலை ஆறு மணி, நல்ல வெளிச்சம். பொதுமக்கள் நாற்காலிகள் போதாமல் தோட்டக்காரர்கள் சுவரோரம் நின்றார்கள். ஒரு உறுப்பினர் எழுந்து, பழைய எழுத்தை ஒரு இந்தியத் தட்டச்சர் படித்துச் சொன்னதை நம்பி முடிவெடுக்க முடியுமா என்று கேட்டார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனாலும் கனகவல்லிக்குக் காது சூடாயிற்று. கெஸ்லர் எழுந்தார். இருபது வருஷமாகக் கூட்டங்களில் குறிப்பெடுத்த அவர் அன்றுதான் முதல் முறையாக ஒரு கருத்தைச் சொன்னார்.

“இதை எழுதியவர் என் அப்பா. இந்தம்மா ஒரு எழுத்தைக்கூடத் தப்பாகப் படிக்கவில்லை. புத்தகத்தை அவரிடம் கொடுங்கள், அவரே வாசிக்கட்டும்.”

அவள் எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு, புத்தகத்தை இரண்டு கையாலும் வாங்கினாள். வேலூர் வாசனை போகாத ஜெர்மனில் பொருள் எண் ஏழை வாசித்தாள். முதல் வரியை மிக மெதுவாகப் படித்தாள். பிறகு அது ஒரு நகர்மன்றத் தீர்மானம், அவளுக்குப் பழக்கமான சமாசாரம். ‘அதே அளவு நல்ல நிலத்தை வேறிடத்தில் கொடுத்த பிறகே’ என்ற இடத்தை, யாரும் கேட்காமலே, இரண்டாம் முறை வாசித்தாள். சுவரோரம் நின்ற மொய்ரர் தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டார்.

அன்று முடிவெடுக்கவில்லை, ஒத்திவைத்தார்கள். ஜூலைக் கூட்டத்தில் வண்டி நிறுத்துமிடம் ரயில் நிலையத்தின் பழைய சரக்கு முற்றத்துக்குப் போயிற்று. சாலை வளைவுக்காக நாலு தோட்டங்களை மட்டும் எடுக்க வேண்டியிருந்தது. அந்த நாலு பேருக்கும் நிலம் கொடுத்த பிறகே எடுத்தார்கள். பாவ்மன் ஒரு படி மேலே போய், மதிலுக்கு அந்தப் பக்கம் தரிசாகக் கிடந்த நிலத்தில் பதினைந்து புதிய தோட்டங்களைப் பிரித்து, தொழிற்சாலையில் வேலை குறைந்தவர்களுக்குக் கொடுத்தார். அதில் ஆறு துருக்கிக் குடும்பங்களும் இருந்தன. மொய்ரர் அவர்களுக்கு நாற்று கொடுத்தார் என்று கேள்வி.

செப்டம்பரில் ரகுநாதனின் ஒப்பந்தமும் இரண்டு வருஷத்துக்கு நீண்டது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனாலும் இரண்டையும் சேர்த்து அவள் பாயசம் வைத்தாள்.

இலையுதிர் காலத்தில் கெஸ்லரே கேட்டார், அந்த 1933 புத்தகத்தைப் படிக்கலாமா என்று. வியாழக்கிழமை மதியங்களில் மாடி அறையில் உட்கார்ந்தார்கள். அவர் வாசித்தார், அவள் அடித்தாள். 1933 ஏப்ரல் வரை வந்ததும் அவர் குரல் இறங்கியது. வருகைப் பட்டியலில் லீனா ஃபோக்டின் பெயர் இருந்த இடத்தில் ‘இருக்கை காலி’ என்று மட்டும் இருந்தது. ஏன் காலி, யார் காலி செய்தது, ஒரு வார்த்தை இல்லை. அடுத்த பக்கத்திலிருந்து எல்லாத் தீர்மானமும் ஒருமனதாகவே நிறைவேறியது. அப்போது தனக்குப் பதினான்கு வயது, அப்பா அந்த வாரம் வீட்டில் யாரோடும் பேசவில்லை, அது மட்டும் ஞாபகம் இருக்கிறது என்றார் கெஸ்லர்.  பிறகு, “அடியுங்கள். உள்ளபடியே அடியுங்கள்” என்றார்.

அந்தப் பெண் என்ன ஆனாள் என்று கண்டுபிடிக்காமல் கனகவல்லிக்கு இருப்புக் கொள்ளவில்லை. கெஸ்லருக்கும்தான். ஆறு கடிதங்கள் எழுதினார்கள். நான்காவது கடிதத்துக்கு பாஸல் நகரத்திலிருந்து பதில் வந்தது. லீனா 1933 கோடையில் எல்லை தாண்டி அக்கா வீட்டுக்குப் போய், அங்கேயே சலவைக் கடை வைத்துப் பிழைத்து, 1958இல் இறந்திருக்கிறாள். மகள் இருக்கிறாள்.

அந்த மகள் 1976 வசந்தத்தில் வந்தாள், ஐம்பதை நெருங்கும் உயரமான பெண். அம்மா இந்த ஊரைப் பற்றிப் பேசவே மாட்டாள் என்று சொன்னாள். கனகவல்லி தட்டச்சு செய்து தைத்து வைத்திருந்த கட்டை அவள் முன் வைத்தாள். அவள் காலையில் உட்கார்ந்து மாலை மூன்று மணிக்குத்தான் எழுந்தாள். கண் சிவந்திருந்தது, ஆனால் இரண்டு இடத்தில் சத்தமாகச் சிரித்ததைக் கீழே இருந்தவர்கள்கூடக் கேட்டார்கள். பிறகு கெஸ்லர் அவளை ஓடைக்கரைக்கு அழைத்துப் போனார். தன் அப்பாவைப் பற்றி அவளிடம் என்ன சொன்னாரோ, தெரியாது. திரும்பி வந்தபோது இருவர் சப்பாத்திலும் மண் ஒட்டியிருந்தது.

1978இல் கெஸ்லர் பணியிலிருந்து விடுபட்டார். நகர்மன்றக் கூட்டங்களுக்குக் குறிப்பெழுதும் பொறுப்புக்கு அவர் பரிந்துரைத்த பெயர் ஒன்றுதான். உறுப்பினர்கள் கை தூக்கினார்கள். முதல் கூட்டத்தில் முதல் பொருள், நீச்சல் குளத்தில் சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் பெண்களுக்கு மட்டும் ஒதுக்குவது. புதிய தோட்டக்காரர்களான துருக்கிக் குடும்பங்களின் பெண்கள் கையெழுத்துப் போட்டு அனுப்பிய மனு. காரசாரமாக முக்கால் மணி நேரம் பேசினார்கள். கனகவல்லி பேனாவை எடுத்து, தேதியையும் வந்திருந்தவர்களின் பெயர்களையும் எழுதி, யார் என்ன சொன்னார்கள் என்பதை ஒன்று விடாமல் குறித்துக்கொண்டு போனாள்.